பத்து நிமிஷ விசாரணைக்கு சென்னை வரைக்கும் போகணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பா பேர்ல இருக்கற நிலத்துக்கு பட்டா மாறுதல் கேட்டு குடுத்த மனு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை சட்டத்துல மனு போட்டேன், எந்த ஆபீஸ்னு இங்க சொல்லல, 30 நாள்ல பதில் வரணும், வரல. சரின்னு முதல் மேல்முறையீடு போட்டேன், அதுக்கும் 30 நாள், மிஞ்சிப்போனா 45 நாள்தான், ஆனா கடைசில என் கைல இருந்தது தபாலோட ஒப்புகை அட்டை மட்டும்தான்.

அப்புறம் 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு. விசாரணைக்கு வரச்சொல்லி லெட்டர் வந்துச்சு, தென்காசில பொதிகை ரயில் ஏறி ராத்திரி முழுக்க உக்காந்துட்டே சென்னைக்கு போனேன். வக்கீல் எல்லாம் வெக்கல. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அந்த ஆபீஸ்ல இருந்து வந்தவரு, நடுவுல ஆணையர். நீங்க என்ன கேட்டீங்கன்னு என்கிட்ட கேட்டாரு, ஏன் குடுக்கலன்னு அவர்கிட்ட கேட்டாரு. தகவல் குடுக்காதது சரின்னு நிரூபிக்க வேண்டியது அதிகாரிதான், நாம இல்ல, 19(5) பிரிவுல இருக்கு, இது நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு தெரியாது. ஆபீஸ்ல இருந்து வந்தவரு பையில இருந்து ஃபைலை எடுத்து வெச்சாரு, பாத்தா சர்வேயர் ரிப்போர்ட் வராம மனு அப்படியே கெடக்கு. காப்பியை இலவசமா குடுங்கன்னு உத்தரவு. பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

வெளிய வந்து சந்தோஷப்படத் தோணல சார், கோவம்தான் வந்துச்சு. இதே பத்து நிமிஷத்தை முதல் மேல்முறையீட்டுலயே எங்க ஊர்லயே குடுத்திருக்கலாமே, ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு ஃபைலை விரிச்சா போதுமே. மேல்முறையீட்டு அலுவலர்னா அதே இடத்துல ஒரு படி மேல இருக்கறவருதான், ஃபைல் எங்க கெடக்குன்னு ஆணையரை விட அவருக்குத்தான் சுளுவா தெரியும். ஆனா அவரு ஏன் கூப்பிடணும்? 20வது பிரிவுல நாளுக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரைக்கும் அபராதம்னு இருக்கே, அது மனுவுக்கு முதல்ல பதில் குடுக்க வேண்டிய பொது தகவல் அலுவலருக்கு மட்டும்தான், மேல்முறையீட்டை கண்டுக்காம விட்டவருக்கு ஒரு ரூபா கூட கெடையாது. சட்டம் வந்தது 2005ல, இந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு. இதுல ரெண்டாவது மேல்முறையீட்டை இத்தனை நாள்ல முடிக்கணும்னு சட்டத்துல கெடுவும் இல்ல, அதனால முதல் படியில கைவிட்டா மனுதாரர் எவ்வளவு நாள் காத்திருப்பாருன்னு யாருக்குமே தெரியாது.

சட்டத்தை மாத்தறது டெல்லில நடக்கணும், அது எப்பவோ. ஆனா விசாரணைக்கு சம்மன் அனுப்பற அதிகாரம் ஆணையத்துக்கு இப்பவே இருக்கு, பொது தகவல் அலுவலரோட மேல்முறையீட்டு அலுவலரையும் சேத்து வரச்சொல்லி, நீங்க ஏன் இவரை கூப்பிட்டு கேக்கலன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். 25(5) பிரிவுல துறைக்கு பரிந்துரையும் பண்ணலாம், மனுதாரரை நேர்ல கேட்ட பிறகுதான் முதல் மேல்முறையீட்டை முடிக்கணும்னு எழுதி அனுப்பலாம்.

எங்க பக்கத்து வீட்டு அக்கா விதவை பென்ஷன் நின்னது ஏன்னு கேட்டு மனு போட்டாங்க, நான்தான் எழுதிக் குடுத்தேன். முதல் மேல்முறையீடு போட்டு இன்னிக்கு 38 நாள் ஆச்சு, இன்னும் ஒரு போன் கூட வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி மாவட்டம்.