மனையோடு அதன் மேடு பள்ளத்தையும் காட்டுங்கள்: சிட்கோவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் (சிட்கோ) மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், தொழிற்பேட்டைகளின் உற்பத்தியாளர் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2015 டிசம்பரில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. லேத், சி.என்.சி., கம்ப்ரசர், பேனல் போர்டு எல்லாம் தண்ணீரில் நின்றன. ஸ்பிண்டில் மோட்டாருக்குள் சேறு போய்விட்டால் அந்த இயந்திரம் மறுபடி ஓட வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஜாப் ஆர்டர் கொடுத்த பெரிய கம்பெனி காத்திருப்பதில்லை. அடுத்த வெண்டரிடம் போய்விடுகிறது. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

ஷெட் பிடிக்கப் போகும் சிறுதொழில்காரர் எதையெல்லாம் விசாரிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். வாடகை அல்லது மனை விலை, த்ரீ ஃபேஸ் இணைப்பு, லாரி திரும்ப இடம், ஆட்கள் வந்து போக பஸ், பக்கத்திலேயே ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் செய்பவர்கள். தண்ணீர் நிற்குமா என்ற கேள்வியை மட்டும் அவர் டீக்கடையில்தான் கேட்கிறார். விற்பவரிடம் கேட்டால் "இங்கெல்லாம் நிக்காது சார்" என்பார். ஆயுள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் போடும் முதலீடு, இந்த ஒரு பதிலின் மேல் நிற்கிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

இந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்ல முடியும். வரைபட மென்பொருளோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜி.ஐ.எஸ்., செய்யும் வேலை அடிப்படையில் எளிமையானது. மனைகளின் எல்லைக் கோடுகள் ஓர் அடுக்கு. தரையின் உயரம் இன்னொரு அடுக்கு. ஏரி, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்), வாய்க்கால், மழைநீர் வடிகால் வேறொன்று. முந்தைய வெள்ளங்களில் தண்ணீர் நின்ற பரப்பு மற்றொன்று. எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், எந்த மனையின் தாழ்ந்த மூலை வடிகாலின் நீர்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே இருக்கிறது, எந்தச் சாலை முதலில் முடங்கும், லாரி வெளியேற எந்த வழி கடைசிவரை திறந்திருக்கும் என்பதெல்லாம் மனை வாரியாகக் கிடைக்கும். இதற்கான மென்பொருளுக்குப் பணம்கூட வேண்டாம், கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம்.

அம்பத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போக வேண்டும். சங்கிலி ஏரிகளின் வழியில் அமர்ந்திருக்கும் ஒரு பேட்டையில், நம் கேட்டுக்குள் பெய்த மழையை மட்டும் கணக்குப் பார்த்துப் பயனில்லை. மேலே இருக்கும் ஏரியின் கலங்கல் எப்போது வழியும் என்பதுதான் கணக்கு. திருமுடிவாக்கத்துக்கு அடையாறு அப்படி. தனி ஒரு முதலாளி இதை வரைந்து பார்க்க முடியாது. ஆனால் பேட்டை முழுவதன் லேஅவுட்டும் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உயரத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; தவறு நேர்வது அங்கேதான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் மிகவும் அறியப்பட்டது 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ரேடாரால் அளந்தது. முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். கூரையையும் மரத்தையும்கூடத் தரை என்று எடுத்துக்கொள்ளும். மலைநாட்டுக்கு அது போதலாம். அரை அடி வித்தியாசத்தில் ஒரு ஷெட் தப்பி அடுத்த ஷெட் மூழ்கும் சென்னைச் சமவெளிக்கு அது உதவாது. அதை வைத்து வண்ணவண்ணமாக ஒரு வரைபடம் போட்டு யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். தவறான வரைபடம் டீக்கடைப் பதிலைவிட ஆபத்தானது, மக்கள் அதை நம்பிவிடுவார்கள்.

செயற்கைக்கோள் வெள்ளப் படங்களுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014 முதல் ரேடார் அலையால் மேகத்தை ஊடுருவிப் படம் எடுக்கிறது. வயல்வெளியில் நிற்கும் தண்ணீரை நன்றாகக் காட்டும். கட்டடங்கள் நெருக்கமான இடத்தில் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை குழப்பிவிடும். சந்துக்குள் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் தப்பிப்போகும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அது நம் தலைக்கு மேல் இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆகவே, சங்க நிர்வாகிகளே, உங்கள் பங்கு இங்கே வருகிறது. பேட்டையில் ஒவ்வொரு சுவரிலும் வெள்ளக் கறை இருக்கிறது, அல்லது எதுவரை வந்தது என்று காட்டும் ஒரு ஃபோர்மேன் இருக்கிறார். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் அதைப் பதிவு செய்யுங்கள். இடத்தைக் குறிக்க கைபேசி போதும். உயரத்துக்குக் கைபேசியை நம்பாதீர்கள்; கட்டடப் பொறியாளர்களிடம் இருக்கும் லெவல் கருவியை வைத்து, ஒரு நிலையான மட்டக்குறியிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். இந்தப் பதிவுகள்தான் எந்தக் கணினிக் கணக்கையும் சரிபார்க்கும் உரைகல்.

சட்டத் தடை என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி தேவையில்லை. 2022இன் தேசிய புவிசார் கொள்கை, 2030க்குள் நாட்டின் சமவெளிகளுக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை தொடங்கியது. 1958இல் திறந்த கிண்டி தொழிற்பேட்டை அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். 2030 வரை காத்திருக்கத் தேவையில்லாத ஊர் இது. ஒரு பேட்டையை ட்ரோனில் லைடார் கருவி (லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளப்பது) வைத்து அளப்பது பெரிய திட்டமும் அல்ல.

மனை விலை விழுந்துவிடும் என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை. தாழ்ந்த மனைக்காரர்களுக்கு அது உண்மையாகவே வலிக்கும். வங்கியும் கேள்வி கேட்கும். ஆனால் அந்த இழப்பு இப்போதும் இருக்கிறது. தெரியாமல் வாங்கியவர் தலையில் மொத்தமாக விழுகிறது, அவ்வளவுதான். வரைபடம் கையில் இருந்தால் அவர் பேஸ்மென்ட்டை எத்தனை அடி தூக்க வேண்டும் என்று முடிவெடுப்பார், பேனல் போர்டை மேலே ஏற்றுவார், சரக்கை மாடிக்கு மாற்றுவார், காப்பீட்டில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டுவார். எந்த வாய்க்காலை அகலப்படுத்தினால் எத்தனை ஷெட் தப்பும் என்று சங்கமும் எண்ணிக்கையோடு அரசிடம் கேட்கலாம்.

என் கோரிக்கை இது: ஒதுக்கீட்டு அறிவிப்பில் மனையின் பரப்பு, விலையோடு அதன் தரைமட்டத்தையும், பதிவான அதிகபட்ச வெள்ள மட்டத்தையும் சேருங்கள். பழைய மனைகளுக்கும் அதை இணையதளத்தில் போடுங்கள். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அம்பத்தூரில் மட்டுமாவது தொடங்குங்கள். சுவர்க் கறைகளை அளக்கும் வேலைக்குச் சங்கம் கூப்பிட்டால் நான் கூலி வாங்காமல் வருகிறேன். என்னைப் போன்ற இன்னும் சிலரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வரைபடத் தொழிலாளி