முழு அக எதிரொளிப்புப் பாடத்தில் ஒரு பக்கம் கேட்டு

இயற்பியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

வைரத்தின் மினுமினுப்பு, கானல் நீர், ஒளியிழை. முழு அக எதிரொளிப்பு (அடர்ந்த ஊடகத்திலிருந்து வெளியேற முயலும் ஒளி எல்லையில் முழுவதுமாக உள்ளே திரும்பிவிடுவது) என்றதும் உங்கள் நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் இவை. மூன்றும் அழகானவை. ஆனால் அதே நிகழ்வு பொறியாளர்களைப் பல ஆண்டுகள் திணறடித்த இடம் ஒன்று உண்டு: எல்.இ.டி. விளக்கு. அதற்கும் பாடத்தில் இடம் தாருங்கள்.

நீல ஒளி தரும் சில்லு கேலியம் நைட்ரைடால் ஆனது. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 2.5. மாணவர்கள் ஏற்கெனவே அறிந்த சூத்திரத்தில் இதைப் போட்டால் மாறுநிலைக் கோணம் (இதைவிடச் சாய்வாக எல்லையில் விழும் ஒளி வெளியேறாது) 24 பாகையைக்கூடத் தொடாது. எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடமும்) சேரும்போது பிறக்கும் ஒளியோ எல்லாத் திசைகளிலும் கிளம்புகிறது. சமதளமான ஒரு முகத்தின் வழியே காற்றுக்கு வருவது அதில் சுமார் 4 சதவீதம்தான். எஞ்சியதில் பெரும்பகுதி உள்ளுக்குள்ளேயே மோதி மோதி, கடைசியில் உட்கவரப்பட்டு வெப்பமாகிறது. கேலியம் ஆர்செனைடு போன்ற பொருள்களில் எண் 3.5 வரை போகிறது. அங்கே நிலை இன்னும் மோசம்.

இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் மாணவி, சிறைப்பட்ட ஒளியை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்காமல் இருக்க மாட்டாள். அந்தக் கேள்வி வகுப்பில் எழ வேண்டும் என்பதே என் ஆசை.

விடைகளும் பள்ளி இயற்பியலுக்கு எட்டாதவை அல்ல. சில்லின் மேல் குவிமாடம்போல் வைக்கும் பிசினைப் பலரும் வெறும் பாதுகாப்பு மூடி என்றே எண்ணுகிறோம். அதன் ஒளிவிலகல் எண் 1.5. அதனால் மாறுநிலைக் கோணம் 37 பாகையாக விரிகிறது. வளைந்த பரப்பில் ஒளி ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால் அங்கே மறுபடி சிக்குவதும் இல்லை.

இன்னொரு வழி, பரப்பையே சொரசொரப்பாக்குவது. வழுவழுப்பான இணை முகங்களுக்கிடையே ஒளிக்கதிர் எத்தனை முறை மோதினாலும் அதே கோணத்தில்தான் மோதும். மேடு பள்ளத்தில் பட்டால் திசை மாறி, அடுத்த மோதலில் தப்பிவிடலாம். இயற்பியலாளர் எலி யப்லோனோவிச் குழுவினர் 1993இல் இப்படிச் சொரசொரப்பாக்கிய மெல்லிய கேலியம் ஆர்செனைடு படலத்தில் 30 சதவீதப் புறத்திறனை (செலுத்திய எலக்ட்ரான்களுக்கு வெளியே வரும் ஒளித்துகள்களின் விகிதத்தை) எட்டிக் காட்டினார்கள். மெருகேற்றிய பரப்பே உயர்ந்தது என்று நம்பியிருந்த எனக்கு, இதைப் படித்த அன்று ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. இன்று நீலக்கல் தளத்தில் நுண்ணிய கூம்புகளைச் செதுக்கிய பிறகே அதன்மேல் கேலியம் நைட்ரைடு படிகத்தை வளர்ப்பது வழக்கமாகிவிட்டது.

நான் கேட்பது ஒரு பக்கம், ஒரு படம், ஒரு கணக்கு. கணக்கு இதுவாக இருக்கலாம்: 2.5இலிருந்து 1.5க்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணத்தின் சைன் 0.6, கொசைன் 0.8. ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்துப் பாதியாக்கினால் தப்பும் பங்கு 10 சதவீதம் என்று வரும். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்