பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சிஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் 33 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் எட்டு வயதுப் பேத்தியோடு ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நான்கு நாள் இருக்க நேர்ந்தது. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அங்கே பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பேத்திக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. அட்மிஷன் போட்டதும் டூட்டி சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்தார். காய்ச்சல் எத்தனை நாளாக, வாந்தி உண்டா, மோஷன் போனதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அத்தனையையும் என்னிடமே கேட்டார். வலிக்கிற பிள்ளை என் மடியில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யூரின் நல்லா போகுதா?" என்றதும் "போகுதுங்க சிஸ்டர்" என்று நானே சொல்லிவிட்டேன். காலையில் வேனில் ஏறிப் போனால் நாலரைக்குத்தான் அவள் வீடு திரும்புவாள். இடையில் என்ன நடக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? தெரிந்தது போலச் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி வேறொரு சிஸ்டர் டிரிப்ஸ் பார்க்க வந்தார். சின்ன வயசுப் பெண். பேத்தியின் வலது கையில் டிரிப்ஸ் ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டிருந்தது. இடது மணிக்கட்டில் அவளே பேனாவால் ஒரு வாட்ச் வரைந்து வைத்திருந்தாள். அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"இது ஓடுற வாட்சா பாப்பா?"

"ஓடாது. எப்பவும் பத்து நாப்பதுதான்."

"பத்து நாப்பதுக்கு என்ன?"

"இன்டர்வல்."

"இன்டர்வல்ல என்ன பண்ணுவீங்க?"

"விளையாடுவோம்."

"பாத்ரூம் போவீங்களா?"

பிள்ளை பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "அம்மா, ஃபிளாஸ்க்குல கொஞ்சம் வெந்நீர் பிடிச்சிட்டு வந்துடுங்களேன்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. மாமியாரை வைத்துக்கொண்டு மருமகள் வாய் திறக்காதபோது நானும் இப்படித்தான் மாமியாரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது, "அம்மாச்சிகிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவளே சொன்னாள். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியிலிருந்து பிள்ளைகள் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள். அதனால் வீடு வரும்வரை அடக்கிக்கொள்கிறாள். அடக்க முடியாது என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. சிஸ்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி, காலையில் டாக்டரிடமும் சொன்னார். யூரின் டெஸ்ட்டில் சிறுநீர்த் தொற்று என்று வந்தது. டெஸ்ட் எப்படியும் எடுத்திருப்பார்கள், மருந்தும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தாழ்ப்பாள் யாருக்கும் தெரிந்திருக்காது. நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம், மறுபடியும் வந்திருப்போம்.

முதல் சிஸ்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வார்டு நிரம்பி வழிந்தது. அவர் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை. நானும் அப்படிக் கேட்டவள்தான். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளையின் தாயிடம் "ஓஆர்எஸ் கொடுத்தியாம்மா?" என்பேன், "கொடுத்தேன்க்கா" என்பாள், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருநாள் ஏதோ தோன்றி, "எப்படிக் கரைச்சே, காட்டு" என்றேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பாக்கெட்டை அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். பிள்ளைக்கு அவ்வளவு உப்பு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பொய் சொல்லவில்லை அவள், கொடுத்துத்தான் இருந்தாள். நான் கேட்ட கேள்வி அவ்வளவுதான் கேட்டது.

அதற்கப்புறம் எந்த மருந்தையும் எனக்கு முன்னால் ஊற்றிக் காட்டச் சொல்லுவேன். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதே மருந்து சிரப்பாக வந்தால் 5 மில்லியில் 125 அல்லது 250. இந்த வித்தியாசத்தை வாயால் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளை அழுகிற அவசரத்தில் தாய்க்கு மனதில் நிற்காது. சொட்டு மருந்தைச் சிரப் மூடியில் ஊற்றிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வார்டில் பார்த்த இன்னொன்று என் மனதை விட்டுப் போகவில்லை. எதிர்க் கட்டிலில் வயிற்று வலியோடு ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயதிருக்கும். "வயசுக்கு வந்துட்டாளா? கடைசியா எப்போ குளிச்சா?" என்று வார்டுக்கே கேட்கும்படி அவள் அம்மாவிடம் கேட்டார்கள். பக்கத்தில் அவள் அண்ணன் நின்றிருந்தான், சுற்றிலும் பிள்ளைகளின் அப்பாக்கள். அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க டாக்டரிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது, ஆனால் ஒரு ஸ்கிரீனை இழுத்துவிட்டு, மெதுவாக, அவளிடமே கேட்டிருக்கலாம். பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுக்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயதுவரை அங்கன்வாடி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள், நல்ல திட்டம். நானும் அந்தக் குழுக்களோடு போயிருக்கிறேன். ஆனால் வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளையின் காதில் விழும்படி, படுக்கையில் சிறுநீர் போகிறாயா என்று கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

வலியைக் கேட்கவும் வழி இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் டோனா வாங் என்ற செவிலியரும் கோனி பேக்கரும் தீக்காயப் பிரிவுக் குழந்தைகளோடு வேலை செய்து ஆறு முகப் படங்களை உருவாக்கினார்கள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். மூன்று வயதுப் பிள்ளைகூட "நான் இதுதான்" என்று விரல் வைத்துக் காட்டிவிடும். ஒரு அட்டைதான், பெரிய செலவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. "அழுதா நர்சம்மாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். என்னைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்த பிள்ளைகள் எத்தனையோ. அப்படிப் பயந்த பிள்ளை எங்கே வலிக்கிறது என்று எங்களிடம் எப்படிச் சொல்லும்?

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அட்மிஷன் கேள்விகளுக்கு வார்டில் ஒரு மூலை, ஒரு ஸ்கிரீன், சிஸ்டர் உட்கார ஒரு ஸ்டூல், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் கிடைக்கிற அளவுக்கு டூட்டியில் ஆள் போட வேண்டும். கேஸ் ஷீட்டில் "பிள்ளை சொன்னது" என்று தனியாக நான்கு வரி இடம் விட வேண்டும்.

பேத்தி இப்போது நன்றாக இருக்கிறாள். பள்ளிக்குப் போய்த் தாழ்ப்பாள் பற்றிச் சொன்னேன். இரண்டாவது முறை போனபோது ஒரு கதவுக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு கதவு பாக்கி. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்