கருப்புக்குப் போட்ட பெட்டி

நாகமலைப் பக்கத்து டீக்கடை அண்ணனுக்கும், ஆடு மேய்க்கும் அப்பத்தாவுக்கும், பென்சிலோடு வந்து போன அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் காணாமல் போன எங்கள் டப்பா திரும்பக் கிடைத்துவிட்டது. உள்ளே இருந்த நோட்டும் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவராக நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்களில் சிலருக்கு என் பெயர் தெரியாது, சிலர் பெயர் எனக்குத் தெரியாது, ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வார்த்தை. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் ஊரறியச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பேரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். டப்பாவுக்குள் சின்னச் சின்னச் சாமான்கள் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாகவோ கூடுதலாகவோ ஒன்றைப் போட வேண்டும். பரிசு, பணம் எதுவும் கிடையாது. மதுரையில் இதை விடாமல் ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் என் ஒன்பது வயது மகளும் சேர்த்தி.

டீக்கடை அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு. நானும் மகளும் மூன்று காலை வரிசையாக உங்கள் கடைக்கு எதிரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். மூன்றாம் நாள்தான் நீங்கள் கேட்டீர்கள், “ஏன் தங்கச்சி, தோடு எதுவும் தொலைச்சிட்டீங்களா? நானும் தேடவா?” என்று. விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டீர்கள். 2000 மே தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்குப் போகும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும், மே 2 அன்று அதை நிறுத்தினார்கள், மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் காட்டுப்பக்கம் ஒரு வாளியை ஒளித்து வைத்து இதைத் தொடங்கி வைத்தார் என்றெல்லாம் நான் பெருமையாக அளந்தேன். வாளிக்குள் புத்தகம், உண்டிவில், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் இருந்தது என்றதும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. “பீன்ஸா? ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வச்சிருக்கலாம்ல” என்று ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினீர்கள். தின்பண்டம் வைக்கக் கூடாது, வாசனைக்குக் கீரியும் குரங்கும் டப்பாவைக் கடித்துவிடும் என்று சொல்லி அதை நாங்களே தின்று தீர்த்தோம். அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

மூன்று நாள் நடந்ததற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒருமுறை போனில் குறித்து வந்த எண்ணைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஒரு தடவை அளந்தவன் சர்வேயர் இல்லம்மா” என்றார். பாறைப் பக்கம் நின்றால் செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்து வரும், போன் ஏமாறும், வேறு வேறு நாள், வேறு வேறு நேரத்தில் போய் எடுத்துச் சராசரி போடு என்று அனுப்பி வைத்தார். முதல் நாள் எண்ணுக்கும் மூன்றாம் நாள் எண்ணுக்கும் 11 மீட்டர் வித்தியாசம். புதருக்குள் தேடுகிறவருக்கு அது அரை மணி நேர முள்கீறல்.

உண்மையில் நான் டப்பாவை வைக்க நினைத்தது கீழக்குயில்குடி சமணர் மலையில். ஆலமரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில், மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள் இருக்கும் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று இருந்தேன். மலை மலையாக ஆட்களைக் கூட்டிப் போய்க் கல்வெட்டு காட்டும் ஐயா ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு முகம் சுண்டிப் போனார். ஆயிரம் ஆண்டுக்கு மேல் அங்கே நிற்கிற வட்டெழுத்தை நம் டப்பா ஒன்றும் செய்யாது, டப்பாவைத் தேடுகிறவன் செய்துவிடுவான் என்றார். தேடுகிறவன் கல்லைப் புரட்டுவான், இடுக்கில் கையை விடுவான், செடியைப் பிடுங்குவான். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிற இடத்தில் அது தேவையா? அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் விடாமல் விண்ணப்பம் போட்டேன். புது டப்பாக்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர், எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது என்றேனே அவர்தான், கிட்டத்தட்ட ஐயாவின் வார்த்தைகளிலேயே எழுதித் திருப்பி அனுப்பினார். நில உரிமையாளர் அனுமதி எங்கே என்றும் ஒரு கேள்வி. இரண்டு பேருக்கும் நன்றி. உங்கள் இருவர் பேச்சையும் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. மலையில் இப்போது எங்கள் சாமான் எதுவும் கிடையாது. பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசைக்கு முன்னால் நின்று, பாம்பு படம் விரித்த பார்சுவநாதரைப் பார்த்து, எண்ண வேண்டியதை எண்ணிக்கொண்டு வர வேண்டும். அந்த எண்ணைக் கூட்டிக் கழித்தால் டப்பாவின் இடம் வரும். டப்பா இருப்பது ஒருவரின் பட்டா நிலத்து வேலியோரம். அனுமதி கேட்கப் போனபோது, “கிணத்துப் பக்கம் மட்டும் ஆளுகளை விடாதீக” என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுவிட்டு இளநீரும் வெட்டிக் கொடுத்த நிலத்துக்காரருக்கு நன்றி.

வெளியிடுவதற்கு முன் ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என் மாமா மகனை அனுப்பினேன். இடத்தைப் போனிலேயே சொன்னேன். “வடக்கு 9 டிகிரி 55 நிமிடம் சொச்சம்.” இந்த விளையாட்டில் டிகிரியும் நிமிடமுமாகத்தான் எழுதுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அவன் அதை 9.55 என்று தட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டான். 9 டிகிரி 55 நிமிடம் என்றால் 9.917 என்று வர வேண்டும். வித்தியாசம் தெற்கே 40 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் ஒரு சீமைக்கருவேலங்காட்டில் நின்றுகொண்டு, “அக்கா, இங்க மலையே இல்லையே” என்று போன் பண்ணினான். திட்டாமல், “வந்ததுக்கு எண்ணெய் பரோட்டாவாவது தின்னுட்டு வர்றேன்” என்று சொன்ன அந்தப் பெருந்தன்மைக்கு நன்றிடா. டப்பாவின் விவரத்தில் இப்போது இடத்தை இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறோம்.

அப்புறம் ஏட்டையா. கேட்பாரற்ற டப்பா ஒன்று வேலியோரம் கிடக்கிறது என்று யாரோ சொல்லி, நீங்கள் வந்து பார்த்திருக்கிறீர்கள். எனக்கு நியாயமாகக் கைகால் உதறியது. முதல் டப்பா கறுப்பு. மேலே எதுவும் எழுதவில்லை. யார் பார்த்தாலும் சந்தேகம்தான் வரும், என் தப்புதான். நீங்கள் நோட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே தெரியற மாதிரி டப்பா வைங்க, தமிழ்ல எழுதி ஒட்டுங்க, போன் நம்பர் போடுங்க” என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். உலகம் முழுக்க இந்த விளையாட்டில் சொல்லித் தருகிற பாடமும் இதுதான், நான்தான் படிக்கவில்லை. போகும்போது நோட்டில் “பார்வையிட்டேன்” என்று தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தீர்கள். எங்கள் கணக்கில் நீங்களும் கண்டுபிடித்தவர்தான். ஒட்டிய அந்தப் போன் நம்பர்தான் பின்னால் டப்பாவைக் காப்பாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு வந்து மலையடிவாரத்தில் பாட்டில் சில்லு பொறுக்கிய எட்டுப் பேருக்கும், அந்தச் சாக்குகளை முகம் சுளிக்காமல் வண்டியில் ஏற்றிப் போன தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. மகள் போட்டிருந்த மரப் பம்பரத்தை எடுத்துக்கொண்டு, எண் பொறித்த தகடு ஒன்றை விட்டுப் போன ஜெர்மனித் தம்பதிக்கும். அந்தத் தகடு டப்பா விட்டு டப்பா பயணம் செய்கிற ஜாதி. யார் எங்கே போடுகிறார்கள் என்று எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். மகள் அதைக் கொச்சியில் ஒரு டப்பா வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். பம்பரம் ஜெர்மனியில் சுற்றுகிறதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அப்பத்தா.

இந்த விளையாட்டில் விவரம் தெரியாத வெளியாட்களை ‘மகிள்’ என்பார்கள். எங்கள் வாயில் அது ‘மகிழ்’ ஆகிவிட்டது. மகிழ் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து டப்பாவை எடுக்க வேண்டும், வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நானும் மகளும் விடியற்காலை போய், சுற்றுமுற்றும் பார்த்து, கல்லுக்கு இடையில் டப்பாவைச் சொருகி, பனையோலை போட்டு மூடிவிட்டு வந்தோம். ஒரு ஈ, காக்கை பார்க்கவில்லை என்ற நினைப்பு.

சில மாதம் கழித்து ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார்: “டப்பாவின் மேல் எலுமிச்சம்பழம் இருந்தது. இதுவும் புதிரின் பகுதியா?” அடுத்தவர்: “திருநீறு பூசியிருக்கிறது.” அதற்கும் அடுத்தவர் நாணயங்களை எண்ணி, “உள்ளே 11 ரூபாய்” என்று குறித்திருந்தார். பதறிக்கொண்டு போனேன். டப்பா மூடியில் மூன்று விரல் பட்டை, ஓரத்தில் வாடிய செவ்வந்தி. உள்ளே பாசிமணிக்கும் கோலிக்குண்டுக்கும் நடுவில் சில்லறை. திரும்பினால் பத்தடி தள்ளி, கையில் தொரட்டியோடு அப்பத்தா நிற்கிறார்.

“ஏத்தா, நீதான வச்ச? அன்னைக்கே பாத்தேன். நீயும் ஒன் மகளும் கோழி களவாண்டவ மாதிரி முழிச்சிக்கிட்டு வச்சிட்டுப் போனீகள்ல.”

விளையாடுகிற பையன்கள் டப்பாவை எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால், “அது கருப்புக்குப் போட்டது, தொட்டா கை வெளங்காது” என்று ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறார். பையன்கள் தொடவில்லை. பையன்களின் அம்மாக்கள் காணிக்கை போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று நான் முழித்தேன். அவர் முந்தானையில் முடிந்துகொண்டு, “அய்யனார் கோயில் உண்டியல்ல போட்டுர்றேன், அதுவும் அவரு ஆளுதான” என்றார். தேடி வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் அவர்தான் துப்பு. ஆனால் சும்மா சொல்லிவிட மாட்டார். அரை மணி நேரம் அலைய விட்டு, பாவமாக இருந்தால் மட்டும் தொரட்டியால் திசை காட்டுவார். பலபேர் “ஒரு பாட்டி உதவினார்” என்று எழுதியது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டியதில் வேலியோரத்து ஓடை உடைத்துக்கொண்டது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது டப்பாவும் இல்லை, அதை வைத்த கல்லும் இல்லை. அவ்வளவுதான் என்று எழுதி மூடிவிட இருந்தேன். பத்து நாள் கழித்து டீக்கடை அண்ணன் போன். அப்பத்தா விடியற்காலையே ஓடையோரம் நடந்து, கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்த டப்பாவை எடுத்திருக்கிறார். என் நம்பரை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், ஆட்டுக் கொட்டில் பரண்மேல் வைத்திருந்து, கடைசியில் மேலே ஒட்டியிருந்த காகிதத்தோடு கடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

நோட்டை அவர் காய வைத்த விதத்தை நான் மறக்க மாட்டேன். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைத் திண்ணையில் வைத்து, அதன்மேல் நோட்டை நடுவில் விரித்துப் போட்டு, வெயில் நகர நகர நகர்த்தி, பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். ஒட்டிய இடங்களில் பக்கங்களுக்கு நடுவே வேப்பிலை. பேனாவில் எழுதியதெல்லாம் நீலப் புகையாகக் கரைந்துவிட்டது. பென்சிலில் எழுதிய ஒரு எழுத்துகூடப் போகவில்லை. ஏட்டையா, மன்னிக்கவும், நீங்கள் பேனா.

டப்பா இப்போது ஓடைக்கு மேற்பக்கம், கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. மாமா சொன்னபடி மறுபடியும் மூன்று நாள் அளந்தாயிற்று. புது நோட்டின் முதல் பக்கத்தில் அப்பத்தாவின் கைநாட்டு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மகள் ஸ்டாம்ப் மை டப்பாவோடு போனாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “கைநாட்டு வச்சா பத்திரம் எழுதி வாங்கிருவீக.” எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. கடைசியில் மகள் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு ஆடு வரைந்து காட்டினாள். அப்பத்தா நோட்டை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது கெடாவா, பொட்டையா?”

மகள் கொம்பை அழித்து மறுபடியும் போட்டாள். வருகிறவர்கள் அடுத்த பக்கத்தில் இருந்து எழுதலாம். பென்சில் கொண்டு வாருங்கள்.