விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் கன்டெய்னர் கப்பலும் இணையமும் வந்த பிறகுதான் உலகமயமாக்கல் தொடங்கியது என்கிறாயே, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே என்னை மடக்கிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

1571-இல் ஸ்பானியர்கள் மணிலாவைத் தங்கள் தலைநகராக்கினார்கள். அதன் பிறகு மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1815 வரை கப்பல் ஓடியது. அமெரிக்கக் கண்டத்து வெள்ளி வந்து இறங்கும், சீனப் பட்டும் பீங்கானும் ஏறிப் போகும். சீனாவில் வரியையே வெள்ளியாகக் கட்டச் சொன்ன காலம் அது.

அந்த வெள்ளிக்குப் பேர்போன இடம் இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மலை. 1545-இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. மூச்சு வாங்கும் உயரம், 4,000 மீட்டருக்கு மேல். கூலிக்கு ஆள் போதவில்லை. ஸ்பானியர்கள் வருமுன் அங்கே ஆண்ட இன்கா அரசில், மக்கள் முறை வைத்து அரசுக்கு உழைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து, 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ சுரங்கத்துக்கென்று திருப்பிவிட்டார். குறிப்பிட்ட மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர் வருடாவருடம் போக வேண்டும். பயந்து பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். ஆனால் ஊருக்கு விதித்த ஆள்கணக்கு லேசில் குறையாது, ஓடியவர்களின் முறையும் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. இது 1812 வரை நீடித்தது.

பொட்டோசியில் அந்த அநியாயத்தைச் செய்தது ஓர் அரசு. பாண்டா தீவுகளில் செய்தது ஒரு கம்பெனி. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

இந்தோனேசியாவின் கிழக்கே இருக்கும் சின்னஞ்சிறு எரிமலைத் தீவுகள் அவை. அந்தக் காலத்தில் ஜாதிக்காய் உலகத்துக்கே அங்கிருந்துதான் போனது. பாண்டா மக்கள் ஒன்றும் வெளியுலகம் தெரியாதவர்கள் இல்லை. ஜாவா, மலாய் வணிகர்களோடு பல தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள். தீவில் போதுமான உணவு விளையாது, அதனால் அரிசியும் துணியும் கொண்டுவருபவர்களுக்கு ஜாதிக்காயைக் கொடுத்தார்கள். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. அதை நம்பி யார் பட்டினி கிடப்பார்கள்? மற்றவர்களுக்கும் விற்றார்கள். 1621-இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்தார். தீவின் பெரியவர்கள் 44 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நிலத்தைத் தோட்டங்களாகப் பிரித்து, அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். கம்பெனியின் பங்குதாரர்களோ ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்காக வணிகமே பாவம் என்று சொல்ல வரவில்லை. பாண்டாக்காரர்களே நல்ல வியாபாரிகள். யாருக்கு விற்பது, விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை அவர்களிடமிருந்து பிடுங்கினார்களே, என் சண்டை அதோடுதான். அம்மை போன்ற நோய்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளை எப்படி வாரிக்கொண்டு போயின என்று நீயே எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் எல்லாப் பழியையும் கிருமி மேலே போட்டுவிடாதே. சுரங்கத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னது கிருமி இல்லை.

ஒரு திருத்தம்: பாண்டா மக்கள் "அடியோடு அழிந்தார்கள்" என்று எழுதாதே. தப்பியவர்களில் சிலர் படகேறி கெய் தீவுகளுக்குப் போனார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் அங்கே இன்னும் தங்கள் பழைய மொழியைப் பேசுகிறார்கள்.

அப்புறம், உன் படிப்புக்கு உரிய ஒரு கேள்வி. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 2007-இல் ஏற்றது. ஆதரித்தவை 144 நாடுகள். எதிர்த்தவை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நான்கே நான்கு. பிறகு அவையும் மனம் மாறி ஆதரவு தெரிவித்தன. அதன் 32-ஆம் பிரிவு, பூர்வகுடிகளின் நிலத்தைப் பாதிக்கும் சுரங்கம் போன்ற திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் முன்பு, விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் அவர்களின் சம்மதத்தைப் பெறுவதற்காக அரசு அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்கிறது. பேசிய பிறகும் அவர்கள் "முடியாது" என்று சொன்னால்? அந்த இடத்தில் வாசகம் எனக்கு வழுக்குகிறது. சட்டம் படிப்பவள் நீ, படித்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா