சாமித்தட்டு

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு போய் வா.

ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்தது இன்னும் மனதில் நிற்கிறது. வீடு மாறப் போகிறோம், புது வீட்டில் இடம் காணாது, சுவரில் பூட்டியிருக்கிற மரச் சாமித்தட்டை உனக்கு அனுப்பட்டோ என்று கேட்டேன். "எனக்கு அதில நம்பிக்கை இல்லை அப்பா, ஆருக்கும் குடுங்கோ, இல்லாட்டி எறிஞ்சுவிடுங்கோ" என்றாய். நீ கோபத்தில் சொல்லவில்லை, எனக்கும் கோபம் வரவில்லை. உன் நம்பிக்கை உன்னுடையது, அதைப் பற்றி வாதாட இதை எழுதவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இங்கே ஜேர்மனியில் எங்கள் நூர்ன்பேர்க் நகரத்து லோறன்ஸ் தேவாலயத்துக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அங்கே யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

சுரங்க ரயிலால் இறங்கிப் படியேறினால் முன்னுக்கு நிற்குமே, அந்த இரட்டைக் கோபுரம். எண்பது மீற்றர் உயரம். சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் மேலே அண்ணாந்து பார்த்து விழப் பார்ப்பாய். 1250ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கியது. உள்ளே நுழைந்தவுடன் ஒரு மங்கல் இருக்கும், நடந்து பீடத்தடிக்குப் போனால் திடீரென்று வெளிச்சம் கொட்டும். ஏன் அப்படி என்று நீ ஒருமுறை கேட்டாய், அப்போது எனக்குத் தெரியவில்லை. முன்பாதி பழைய முறையில் கட்டினது, நடுக்கூடம் உயரம், இரண்டு பக்கமும் தாழ்வு. பின்பாதியைக் கட்டினது 1439இலிருந்து 1477 வரை. அங்கே மூன்று கூடத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள், சுற்றிவர யன்னல். இருநூறு வருட வித்தியாசத்தைக் காலால் நடந்தே உணரலாம்.

இது மேற்றிராணியாரின் ஆலயம் இல்லை, நூர்ன்பேர்க் நகரத்துச் சனங்களின் பங்குக் கோயில். யன்னல் ஒரு குடும்பம், பீடம் ஒரு குடும்பம் என்று வியாபாரிகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் குலச்சின்னம் கண்ணாடியிலும் கல்லிலும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் மணியிலும் தூணிலும் உபயகாரர் பெயர் வெட்டியிருப்பது போலத்தான்.

பீடத்துக்கு இடது பக்கத் தூணோடு ஒட்டி ஒரு கல்கோபுரம் எழும்பும். இருபது மீற்றருக்குக் கிட்ட. அர்ச்சித்த அப்பத்தை வைத்துப் பூட்டும் பேழை அது. ஹன்ஸ் இம்ஹோஃப் என்ற வியாபாரி செய்வித்தார், ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி 1493இலிருந்து 1496 வரை இருந்து செய்து முடித்தார். மணற்கல் பிள்ளை, கடற்கரையில் ஈர மண்ணைப் பிடித்தால் எப்படி உதிருமோ அந்தக் கல். அதைக் கொடிபோலவும் நூல்போலவும் இழைத்திருக்கிறார். மேலே கூரை முட்டுகிற இடத்தில் நுனி உடைபடாமல், பயறு முளைவிட்டுத் தலை கவிழ்க்குமே, அப்படி வளைந்து நிற்கிறது. கல்லை இளக்கி வார்க்கிற வித்தை அவருக்குத் தெரியும் என்று அந்தக் காலத்தில் ஒரு கதை கட்டினார்களாம். நான் நம்பமாட்டேன், உளி போன தடம் தெரிகிறது. மனிசன் பொறுமையால் செய்த வேலை.

அடியில் போய்க் குனிந்து பார். முழு வேலையையும் மூன்று பேர் குந்தியிருந்து தாங்குகிறார்கள், பணியாளர்களின் உருவம். அதில் முன்னுக்கு இருப்பவர் ஆடம் கிராஃப்ட். தாடி, தலையில் தொப்பி, கையில் கொட்டாப்புளியும் உளியும். அவர் உளியைப் பிடித்திருக்கிற விதத்தை நான் நீண்ட நேரம் பார்த்தேன். பிடி சரி. முப்பது வருடம் மரத்தில் வேலை செய்கிற எனக்குத் தெரியும், சும்மா படத்துக்குப் பிடித்த பிடி இல்லை அது. பணம் கொடுத்தவர் மேலே சின்னம் வைத்தார், செய்தவர் தன்னை அடியில் வைத்தார்.

இனி அந்தரத்தில் தொங்குகிற மரச்சிற்பத்துக்கு வருகிறேன். நீ சின்னனில் 'பறக்கிற அக்கா' என்பாய். கபிரியேல் தூதர் வந்து மாதாவுக்குச் சேதி சொல்கிற காட்சி. 3.72 மீற்றர் உயரம், 3.20 மீற்றர் அகலம். இரண்டு உருவமும் ஆளைவிடப் பெரிது. சுற்றிவர மரத்தில் ரோசாமாலை, அதில் ஏழு வட்டப் பலகைகளில் மாதாவின் ஏழு மகிழ்ச்சிகள், மேலே பிதா, அடியில் வாயில் அப்பிளோடு ஒரு பாம்பு. அன்ரன் ரூகர் என்ற நகரப் பெரியவர் செய்வித்தது, 1517இல் தொடங்கி 1518இல் தொங்கவிட்டார்கள்.

செய்தவர் வைற் ஸ்ரோஸ். போலந்தில் கிராக்கோவ் நகரத்து மாதா கோயிலுக்குப் பென்னாம்பெரிய பீடம் செய்து பெயரெடுத்துவிட்டு இங்கே வந்தவர். ஒரு வியாபாரத்தில் காசு போய்விட்டது, அதை மீட்கக் கள்ளப் பத்திரம் எழுதினார். பிடிபட்டபோது, 1503இல், இரண்டு கன்னத்திலும் காய்ச்சிய இரும்பால் குத்தினார்கள். அவர் செய்தது பிழைதான், நான் நியாயம் சொல்லவில்லை. ஆனால் அந்த வடுவோடு எழுபது வயதளவில் இருந்த கிழவனிடம்தான் அன்ரன் ரூகர் இந்த வேலையைக் கொடுத்தார். கொடுத்த வேலையை அவர் இப்படிச் செய்தார். தூதரின் உடுப்பு மடிப்பைப் பார்த்தால், இப்போதுதான் வந்து இறங்கினார், காற்று இன்னும் அடங்கவில்லை என்று தோன்றும்.

அது லிண்டன் மரம். பாலை, முதிரை போல வைரமில்லை, மெதுவான மரம். நார் ஓடாமல் எந்தப் பக்கமும் உளி போகும், அதனால்தான் சிற்பிகள் தேடி எடுத்தார்கள். பெரிய உருவம் என்றால் உள்ளே குடைந்து எடுத்துவிடுவார்கள். வெளிப்பக்கம் முந்திக் காயும், நடுமரம் பிந்திக் காயும், அந்த இழுவையில் வெடிக்கும். குடைந்துவிட்டால் தப்பும்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. தொங்கவிட்டு ஏழு வருடம்தான், 1525இல் நூர்ன்பேர்க் முழுக்க, பாப்பரசரை எதிர்த்துப் பிரிந்த மார்ட்டின் லூத்தரின் பக்கம் மாறிவிட்டது. பாப்பரசர் இல்லை, மாதாவிடம் மன்றாடுகிற வழக்கம் இல்லை, அப்பத்தைப் பூட்டிவைக்கிற வேலையும் இல்லை. கோபுரமும் தேவைப்படாது, ரோசாமாலையும் தேவைப்படாது. வேறு ஊர்களில் கோடரியோடு புகுந்து எல்லாவற்றையும் கொத்தி எரித்தார்கள். இங்கே நகரசபை விடவில்லை. கொடுத்த குடும்பங்களும் விடவில்லை, எங்கள் பாட்டன் பூட்டன் கொடுத்தது என்று நின்றார்கள். லோறன்ஸில் பிரசங்கம் பண்ணின ஒசியாண்டர் மாதாவின் சிற்பத்துக்கு எதிராகக் கடுமையாகக் கதைத்தவர். அதற்காகவும் அதை உடைக்கவில்லை, துணியால் மூடி அப்படியே விட்டார்கள். நம்பாத ஒன்றை ஒரு நகரம் முழுக்கச் சேர்ந்து மூடி வைத்தது.

அதற்குப் பிறகும் ஆபத்து வந்தது. இடையில் இறக்கியிருந்ததை 1817இல் திரும்பத் தொங்கவிட்டபோது அறுந்து விழுந்து துண்டு துண்டாகிப் போனது. எட்டு வருடம் கழித்து, 1825இலும் 1826இலும், துண்டுகளைப் பொறுக்கிப் பொருத்தினார்கள். விழுந்த அன்றைக்கு ஒருவர் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தச்சுப்பட்டறையில் உடைந்த துண்டு எத்தனை அடுப்புக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது மரச்சிற்பத்தைக் கோட்டைக்கு அடியில் பாறையைக் குடைந்த அறைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கல்கோபுரத்தைக் கழற்ற முடியாது, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். 1945 தை 2ஆம் திகதி இரவுக் குண்டுவீச்சில் பழைய நகரமே போய்விட்டது. லோறன்ஸின் கூரையும் வளைவுகளும் இடிந்தன, கல்கோபுரத்தின் மேற்பகுதியும் சிதைந்தது. தரையெல்லாம் கல்லும் மேலே வெறும் வானமுமாக இருக்கிற படத்தை நீயும் பார்த்திருக்கிறாய். எங்கள் ஊரிலும் அப்படிப் பார்த்தவன் நான், அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க எனக்கு இன்றைக்கும் கால் வராது. 1952இல் திரும்பக் கட்டி முடித்துத் திறந்தார்கள். அந்த வேலைக்கு அமெரிக்காவிலிருந்து பெரிய தொகை கொடுத்தவர் ரஷ் கிரெஸ். அவருடைய முன்னோர் இந்த ஊர்க்காரர்.

அதே பாறை அறைகளில் ஸ்ரோஸின் கிராக்கோவ் பீடமும் இருந்தது. அது போலந்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த பொருள். 1946இல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியதைக் கொடுத்ததும் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, எங்கள் சாமித்தட்டு. அதுவும் லிண்டன் பலகை என்று உனக்குச் சொன்னேனோ தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், முதலாளி கழித்துவிட்ட பலகையைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்த பிறகு நின்று செய்தது. ஒரு ஆணியும் இல்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டுகிற பொருத்து. கழற்றினால் ஐந்து துண்டு. விளக்கு வைத்த இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. சீவினால் வெள்ளையாக வரும், சீவ மனம் வரவில்லை.

நேற்றுக் கழற்றினேன். பின்பலகையில் என் கையெழுத்தைக் கண்டேன். நீ பிறந்த திகதியும் நேரமும், 2.9 கிலோ என்று உன் நிறையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதினது. சுவரோடு இருந்தபடியால் நீ ஒருநாளும் பார்த்திருக்க மாட்டாய். அம்மாவே மறந்துபோனா.

ஆருக்கும் கொடுக்கவில்லை பிள்ளை. புது வீட்டில் தட்டைப் பூட்ட இடமில்லைத்தான், விளக்கை அம்மா குசினி மூலையில் வைக்கிறாவாம். ஐந்து துண்டையும் உன்னுடைய பழைய நீலப் போர்வையில் சுற்றி, நிலக்கீழ் அறையில் ஈரம் படாமல் உயரத்தில் வைக்கிறேன். எந்தத் துண்டு எதற்குள் போகும் என்று இலக்கம் போட்டிருக்கிறேன்.

நத்தாருக்கு வந்தால் லோறன்ஸுக்கு ஒருக்கால் போவோம். பின்னேரம் மூன்று மணிக்குள் போகவேண்டும், மார்கழியில் பிறகு வெளிச்சம் போய்விடும்.

அம்மா பருத்தித்துறை வடை சுட்டுப் பொதி கட்டியிருக்கிறா. வந்ததும் போன் எடு.

அன்புடன்,
அப்பா