கடைத் தடை விஷயமாக

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கால் தேறி வருகிறதென்று அறிந்தது பெரிய நிம்மதி. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை.

களவு வழக்கில் தண்டனை முடிந்தால் மருமகன் அந்தக் கடைக்குத் திரும்பப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். இதில் நீதிமன்றத்தையும் கடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாய். வழக்கு நடந்தது கனடாவின் குற்றவியல் சட்டத்தில். இனி உள்ளே வராதே என்று கடை கொடுத்த தாள் ஒன்ராறியோவின் அத்துமீறி நுழைதல் சட்டத்தில் வருகிறது. தண்டனை முடிந்தாலும், பிற்காலத்தில் குற்றப்பதிவே நீங்கினாலும், அந்தத் தாள் தானாகச் செல்லாமல் போகாது. கொடுத்தவர்தான் எடுக்கவேண்டும்.

ஆனால் முதலில் தீர்ப்பைப் பார். நீதிமன்றம் நிபந்தனைகளோடு போடும் நன்னடத்தைக் கட்டளையிலும் அந்தக் கடைக்குப் போகக்கூடாதென்று ஒரு வரி இருந்தால், முகாமையாளரே வாவென்று கூப்பிட்டாலும் போகமுடியாது. மீறினால் அது புதிய குற்றவியல் வழக்கு. அந்த வரியை மாற்ற நீதிமன்றத்துக்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும்.

பிறகு கடை கொடுத்த தாள். யார் கொடுத்தது, எந்த இடத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று பார். கடை கொடுத்ததென்றால் அந்த ஒரு கிளையா, எல்லாக் கிளைகளுமா என்று எழுதியிருக்கும். மோல், அதாவது கடைத்தொகுதி நிர்வாகம் கொடுத்ததென்றால் உள்ளே இருக்கும் வங்கி, பல் வைத்தியர், வெளியே வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதற்குள் அடங்கலாம். முடிவுத் திகதி இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும் என்று சனம் சொல்லும். நம்பாதே, சட்டத்தில் அப்படிக் கணக்கு இல்லை. மீறினால் தண்டம் 10,000 டொலர் வரை போகலாம், பொலிஸ் அந்த இடத்திலேயே கைதும் செய்யலாம்.

தடையை நீக்கக் கேட்பது கடிதத்தில்தான். கிளை முகாமையாளருக்கு ஒன்று, தலைமையகத்தில் களவுத் தடுப்புப் பிரிவுக்கு ஒன்று, இரண்டும் பதிவுத் தபாலில். கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வெளிக்கிட்டு மாட்டுப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலைத் தாண்டினாலே அத்துமீறல்தானே! தாளில் உள்ளபடியே பெயர், திகதி, கிளை முகவரி எழுதி, தாளின் பிரதியையும் தண்டனை முடிந்ததற்கான ஆதாரத்தையும் இணைக்கவேண்டும். கடையின் வழக்கறிஞர் நட்டஈடாகக் காசு கேட்டு எழுதி, அதைக் கட்டியிருந்தால் பற்றுச்சீட்டையும் வை. கட்டியதால் மட்டும் தடை போகாது, ஆனாலும் உதவும். மேல்முறையீடு இன்னும் நடக்கிறதென்றால் இப்போதைக்கு எழுதவே வேண்டாம்; மன்னிப்பு வரி சாட்சியாகிவிடும்.

உள்ளே அரைப் பக்கம் போதும்: "நான் செய்தது பிழை. தண்டனையை முழுதாக நிறைவேற்றிவிட்டேன். என் மருந்துகளை உங்கள் கிளையிலுள்ள மருந்தகத்தில்தான் எடுத்துவந்தேன். தடையை நீக்கும்படியோ, அந்த மருந்தகத்துக்கு மட்டும் வர அனுமதிக்கும்படியோ கேட்கிறேன். பதிலை எழுத்தில் தரவும்." குடும்பக் கஷ்டம், காவலாளி பேசிய பேச்சு, பொருளின் விலை எதுவும் வேண்டாம். அதையெல்லாம் வாசிக்கிறவருக்கு இவர் இன்னும் வாதாடுகிறார் என்றுதான் படும்.

தொலைபேசியில் யாரோ "சரி, வாங்கோ" என்றால் போகவேண்டாம். அடுத்த நாள் நிற்கும் காவலாளிக்கு அது தெரியாது, கணினியில் பழைய பதிவுதான் இருக்கும். பெயரும் கையெழுத்தும் உள்ள தாள் வந்தபிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டே போகவேண்டும்.

மறுத்தால் மேலே முறையிட இடமில்லை. இனம், மதம் பார்த்துத் தடுத்தார்கள் என்றால் மனித உரிமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் பழைய குற்றப்பதிவுக்கு ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு வேலை விஷயத்தில் மட்டும், கடைக்குப் போவதற்கு இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் விட்டு இன்னொரு கடிதம் போடுவதுதான் வழி. முகாமையாளர் மாறியிருந்தால் பதிலும் மாறலாம்.

தாளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல். பின்பக்கத்தில்தான் கிளை விபரம் சிலவேளை இருக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்